அந்தேரியில் ஒரு வீடு, மாட்டுங்காவில் ஒரு மேடை

செம்பூரில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஏதாவது ஓர் ஊரின் பாலே குழு எப்படித் தொடங்கியது, அந்த ஊர் ஜனங்களுக்கு அது என்ன செய்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் ரஷ்யா, லண்டன் என்று எழுதுகிறார்கள். மும்பையில் அப்படி ஒரு குழு இருந்ததா? நம் தமிழர்களுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? இவளையும் அப்படி ஒரு குழுவில் சேர்க்கலாமா?"

இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. உங்கள் மகள் ரஷ்யாவுக்குப் போக வேண்டியதே இல்லை, அந்தேரி வரை போனால் போதும். நான் மும்பையில் தமிழர்கள் அதிகம் வாழ்ந்த மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். ஏழு வயதில் சலங்கை கட்டினேன். பிறகு முப்பது வருஷம் செம்பூரிலும் தாராவியிலும் பிள்ளைகளுக்குக் குழு நடனம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டால் என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். பாலே என்றதும் கால் கட்டைவிரல் நுனியில் நிற்கிற, வெள்ளைப் பாவாடை விரிந்த நடனம்தான் இப்போது எல்லோருக்கும் நினைவு வருகிறது. எங்கள் வீட்டில் அந்த அர்த்தம் கிடையாது. "ஷண்முகானந்தா ஹாலில் இன்னிக்கு பாலே" என்று அப்பா சொன்னால், பத்திருபது பேர் சேர்ந்து ஒரு முழுக் கதையை ஆடிக் காட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். சபா நோட்டீசில் சில சமயம் 'நாட்டிய நாடகம்' என்று போடுவார்கள், சில சமயம் 'டான்ஸ் பாலே' என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றாகவே புழங்கின. இந்த அர்த்தத்தில் அந்தச் சொல் நம் நாட்டில் வேர் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் பின்னால் ஒரு ரஷ்யப் பெண்மணியே இருக்கிறார்.

அன்னா பாவ்லோவா, உலகப் புகழ் பெற்ற பாலே நடனக்காரர். 1923இல் லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த உதய் சங்கர் என்ற வங்காளி இளைஞரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ராதா கிருஷ்ணன் கதையை மேடையேற்றினார். அதில் அவரே ராதை, உதய் சங்கர் கிருஷ்ணன். சில வருஷங்கள் கழித்து அதே பாவ்லோவாவைச் சந்தித்துத்தான் நம் ருக்மிணி தேவிக்கும் நடன ஆசை வந்தது. பாவ்லோவா குழுவின் கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றுக்கொண்டார். இருவருக்கும் பாவ்லோவா சொன்னது ஒன்றுதான்: உங்கள் நாட்டு நடனத்தைத் தேடிப் போங்கள். ஒருவர் அல்மோராவுக்குப் போனார், இன்னொருவர் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஒரே ஊற்றிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிந்தது போல. மும்பையின் கதை அல்மோரா வாய்க்காலில் வருகிறது.

இமயமலைப் பகுதியில் இருக்கும் அல்மோராவில் 1939இல் உதய் சங்கர் ஒரு கலை மையம் தொடங்கினார். அங்கே இருந்த ஆசிரியர்களின் பெயர்களைப் பாருங்கள்: கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். பரதத்துக்கு நம் கந்தப்ப பிள்ளை, அதாவது பாலசரஸ்வதியின் குரு. நட்டுவாங்கத் தாளத்தைக் கையில் பிடித்த ஒரு தமிழர் அந்த மலைக்குளிரில் உட்கார்ந்து, வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்திருக்கிறார். சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்களே, முதல் சம்பந்தம் இது.

யுத்த காலம், கையில் பணம் இல்லை, 1944இல் அந்த மையம் மூடப்பட்டது. அதில் ஆடிப் பழகியவர்கள் நாலா பக்கமும் பிரிந்தார்கள். உதய் சங்கர் சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' என்ற படம் எடுத்தார். 1948இல் வெளிவந்தது. நம் பத்மினிக்கு அதுதான் முதல் படம். வேறு சிலர் பம்பாய்க்கு வந்தார்கள்.

பம்பாயில் அப்போது என்ன நிலை? 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதே வருஷம் மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் தொடங்கியது. சுருக்கமாக இப்டா என்பார்கள். நகாரா என்ற முரசை அடிக்கும் ஒரு மனிதனின் படம்தான் அதன் சின்னம், ஓவியர் சித்தபிரசாத் வரைந்தது. வங்காளத்திலிருந்து பினய் ராய் தலைமையில் ஒரு பாட்டுக் குழு பஞ்ச நிவாரணத்துக்காக ஊர் ஊராகப் பாடிக்கொண்டு பம்பாய்க்கு வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டு ஜனங்கள் உருகிப் போனதைப் பார்த்த பிறகுதான், முழு நேரமும் இதே வேலையாக இருக்கிற ஒரு நடனக் குழு வேண்டும் என்று இப்டா முடிவு செய்தது. அதுதான் மத்தியக் குழு. இடம் அந்தேரி. அன்றைக்கு அந்தேரி என்றால் தோப்பும் வயலும் நிறைந்த புறநகர், இப்போதைய அந்தேரியை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரே சமையல், ஒரே பயிற்சி நேரம், கைச்செலவுக்குச் சொற்பப் பணம். அல்மோராவிலிருந்து வந்த சாந்தி பர்தன் நடனத்தை அமைத்தார். திரிபுரா அருகே குமில்லாவில் பிறந்தவர், மணிப்புரியில் தேர்ந்தவர். அவரோடு சச்சின் சங்கர், நரேந்திர சர்மா, இசைக்கு அபனி தாஸ்குப்தா, பிறகு ரவி சங்கர். 'சாரே ஜஹான் சே அச்சா' பாட்டுக்கு இன்று பள்ளிகளில் பாடுகிற மெட்டு இருக்கிறதே, ரவி சங்கர் இந்தக் காலத்தில் இப்டாவுக்காக அமைத்ததுதான் அது. உங்கள் மகள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும், வகுப்பில் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்தக் குழு ஆடிய முதல் பெரிய நிகழ்ச்சி 'ஸ்பிரிட் ஆஃப் இந்தியா', 1944. ராஜா ராணி கதை இல்லை. பஞ்சம், அரிசியைப் பதுக்கியவன், ஜமீன்தார், அந்நிய ஆட்சி, கடைசியில் ஜனங்கள் ஒன்று சேர்வது. அடுத்து வந்த 'இம்மார்ட்டல் இந்தியா', நாட்டின் நீண்ட சரித்திரத்தையே ஆடிக் காட்டியது. வசூல் பஞ்ச நிவாரணத்துக்குப் போனது. 1947 வாக்கில் மத்தியக் குழு கலைந்துவிட்டது, ஆனால் ஆட்கள் கலையவில்லை. நேரு எழுதிய நூலை வைத்து 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா' என்ற பாலேயை அந்த வருஷமே மேடையேற்றினார்கள், ரவி சங்கர் இசையில்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இத்தனை வருஷம் கற்றுக் கொடுத்ததெல்லாம் இதைச் சுற்றித்தான். பரதநாட்டியத்தில் அலாரிப்பிலிருந்து தில்லானா வரை ஒரே பெண் ஆடுகிறாள். நாயகியும் அவள்தான், தோழியும் அவள்தான், வராமல் ஏமாற்றிய நாயகனும் அவள்தான். மகா உன்னதமான கலை. அதைக் கொஞ்சமும் குறைத்துச் சொல்ல மாட்டேன், எனக்கு உயிர் கொடுத்ததே அதுதான். ஆனால் பஞ்சத்தில் செத்த ஒரு கிராமத்தை ஒருத்தி ஆடிக் காட்ட முடியாது. அதற்குக் கூட்டம் வேண்டும். ஒருவர் விழ, அடுத்தவர் தாங்க, மூன்றாமவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். மேடையில் பத்து உடம்புகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளிதான் அங்கே கதை சொல்கிறது. அல்மோராவிலும் அந்தேரியிலும் இவர்கள் கண்டுபிடித்தது அந்த இடைவெளியைத்தான் என்பது என் அபிப்பிராயம். தனி நடனத்தில் முத்திரை தெரிந்தவருக்கே முழு ரசனை. குழு நடனத்தில் ஒருவன் மூட்டையை அணைத்துக்கொண்டு நிற்க, எதிரே இருபது கை நீண்டால், எந்த ஊர்க்காரனுக்கும் புரிந்துவிடும். பம்பாய் மாதிரி ஊருக்கு அது எத்தனை பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஒரே சால்-இல், அதாவது வரிசையாக அறைகள் கொண்ட ஒரே குடியிருப்பில், மராத்தியும் தெலுங்கும் குஜராத்தியும் தமிழும் பேசுகிற ஊர் இது.

சரி, லிட்டில் பாலே ட்ரூப்புக்கு வருகிறேன். மகள் ஒரே ஒரு குழுவைத்தான் எழுத வேண்டும் என்றால் இதை எழுதட்டும்.

சாந்தி பர்தனுக்குக் காசநோய் வந்தது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் நடனக்காரருக்கு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். நீண்ட நாள் சிகிச்சை. இப்டா குழுவில் ஆடிய குல் என்ற குஜராத்திப் பெண் அவரைப் பார்த்துக்கொண்டார், பிறகு அவரை மணந்தார். பிழைத்து எழுந்து வந்த மனிதர் 1952இல் பம்பாயிலேயே லிட்டில் பாலே ட்ரூப்பைத் தொடங்கினார். பெயரில் உள்ள 'லிட்டில்' உண்மைதான், சின்னக் குழு. அதை வைத்துக்கொண்டு அவர் எடுத்தது ராமாயணத்தை!

எப்படி எடுத்தார் என்பதில்தான் அழகு. ஆடுகிறவர்கள் எல்லோரும் மரப் பொம்மைகளாகிவிட்டார்கள். முகத்தில் கோணமான முகமூடி, நூலில் கட்டி இழுத்தது போல முழங்கையும் மணிக்கட்டும் வெட்டி வெட்டி அசையும். நம் ஊர்ப் பொம்மலாட்டம் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அங்கே மரத்துக்கு உயிர் கொடுப்பார்கள், இங்கே உயிருள்ள மனிதர் மரமாகி நின்று, அந்த மரத்துக்கு மறுபடி உயிர் வந்தது. முகமூடிகளையும் அரங்கப் பொருள்களையும் செய்தவர் கேரளத்து அப்புண்ணி கர்த்தா. முகமூடி போட்டால் நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. ராமன் வேஷத்தைக் கழற்றிவிட்டு அடுத்த காட்சியில் அவரே குரங்காக வரலாம். ஆள் குறைவான குழுவுக்கு இது பெரிய உபாயம். நான் இதைச் செம்பூரில் வெட்கமில்லாமல் பின்பற்றியிருக்கிறேன்: பதினோரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வானர சேனையையும் அரக்கர் சேனையையும் காட்டியிருக்கிறேன்.

சாந்தி பர்தன் 1954இல் காலமானார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அப்போது 'பஞ்சதந்திரம்' பாதியில் நின்றிருந்தது. குல் பர்தனும் பிரபாத் கங்குலியும் மற்றவர்களும் அதை முடித்து மேடையேற்றினார்கள். காகம், எலி, ஆமை, மான் நான்கும் நண்பர்களான கதை. அந்தப் பாலேயும் ராமாயணமும் அப்புறம் பல நாடுகளுக்குப் போயின. குழு 1960களில் குவாலியருக்கும், 80களில் போபாலுக்கும் இடம் மாறியது. இன்று அதன் பெயர் ரங்கஸ்ரீ லிட்டில் பாலே ட்ரூப். குல் பர்தன் கடைசி வரை அதைக் கட்டிக் காத்தார். 2010இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அந்த வருஷமே மறைந்தார். கணவரோடு சேர்ந்து தொடங்கிய குழுவை, அவர் போன பிறகு ஐம்பது வருஷத்துக்கும் மேல் தூக்கிச் சுமந்த அந்தப் பெண்மணியைப் பற்றி நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். நடனத்தை அமைத்தவரின் பெயர் புத்தகத்தில் நிற்கும். ஒத்திகைக்கு எல்லோரும் வந்தார்களா, சாப்பிட்டார்களா, ரயில் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று பார்த்தவரின் பெயர் இரண்டாவது வரியில்தான் வரும். குழு என்பது அந்த இரண்டாவது வரியில்தான் உயிரோடு இருக்கிறது.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக: சச்சின் சங்கர் பம்பாயிலேயே தங்கி 1953இல் தன் பெயரில் ஒரு பாலே குழுவைத் தொடங்கினார். நரேந்திர சர்மா டெல்லிக்குப் போய் 1972இல் பூமிகா என்ற குழுவை அமைத்தார். டெல்லியில் ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திரா 1957 முதல் நவராத்திரி சமயத்தில் ராம்லீலாவை வருஷம் தவறாமல் பாலேயாக நடத்திவருகிறது. டெல்லியில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் பார்த்திருப்பார்கள்.

இனி மாட்டுங்கா. 1943இல் இப்டா, 1944இல் அந்தேரிக் குழு என்று சொன்னேன். அதே 1944இல் சென்னையில் ருக்மிணி தேவி குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். 1945இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் தொடங்கியது. திருவிடைமருதூர்க் குப்பையா பிள்ளையின் குடும்பம் அதை நடத்தியது. மருமகன் கோவிந்தராஜ பிள்ளை, மகன்கள் மகாலிங்கம் பிள்ளை, கல்யாணசுந்தரம் பிள்ளை என்று குடும்பமே குருமார்கள். அந்தேரியிலிருந்து ரயிலேறி தாதரில் மாறினால் மாட்டுங்கா முக்கால் மணி நேரம். ஒரு முனையில் பஞ்சத்தைப் பற்றி ஆடுகிறார்கள், மறு முனையில் தஞ்சாவூர் வழியில் வர்ணம் ஆடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலம் இருந்ததா?

இருந்தது. எனக்குத் தெரிந்து அந்தப் பாலத்தின் நல்ல உதாரணம் பார்வதி குமார். பெயரைப் பார்த்துத் தமிழர் என்று நினைத்துவிடாதீர்கள், மராத்திக்காரர். பம்பாயில் இருந்த நட்டுவனார் சந்திரசேகர பிள்ளையிடம் பரதம் கற்றவர். அவரே பெரிய பாலேக்களை அமைத்தவர். 'தேக் தேரி பம்பாய்' என்று இந்த ஊரைப் பற்றியே ஒரு பாலே செய்தார். அப்புறம் தஞ்சாவூருக்குப் போனார். சரஸ்வதி மகால் நூலகத்தில், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி மராத்தியில் இயற்றிய நிரூபணங்கள் இருந்தன. பரதத்துக்கென்றே எழுதப்பட்ட மராத்திப் பாட்டுகள். அவற்றை எடுத்து, நடனமாக அமைத்து, பம்பாய் மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழ் நட்டுவனாரிடம் படித்த மராத்தி ஆசிரியர், தஞ்சாவூரில் கிடந்த மராத்திப் பாட்டை மராத்தி மண்ணுக்கே திருப்பிக் கொண்டுவருகிறார். இந்த ஊரில் தமிழனுக்கும் மராத்திக்காரனுக்கும் இடையே மனக்கசப்பு இருந்த காலங்களை என் தலைமுறை பார்த்திருக்கிறது. அந்தக் காலங்களிலும் இந்த வேலை நடந்துகொண்டேதான் இருந்தது.

அப்புறம் ஷண்முகானந்தா. கிங்ஸ் சர்க்கிளில் 1963இல் திறந்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர் உட்காரலாம். குழு நடனத்துக்கு அப்படி ஒரு அகலமான மேடை கிடைத்தது பெரிய பாக்கியம். 1990இல் தீ விபத்து, 1998இல்தான் மறுபடி திறந்தது. நடுவில் அந்த எட்டு வருஷம் எங்களுக்கெல்லாம் வீடு இழந்த மாதிரி இருந்தது. பள்ளி அரங்கு, கல்யாண மண்டபம், கோவில் வளாகம் என்று கிடைத்த இடத்தில் ஆடினோம். பாலே என்றால் ஹேமமாலினி என்று சொல்கிறவர்கள் உங்கள் பில்டிங்கிலும் இருப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அம்மன்குடியில் பிறந்த அந்த அம்மா இந்த ஊரில் 'துர்கா', 'மீரா', 'திரௌபதி' என்று நடத்திய பாலேக்களைப் பார்த்துத்தான் குஜராத்தி, மார்வாடி வீடுகளிலும் பிள்ளைகளை நடனத்துக்குச் சேர்த்தார்கள். என் வகுப்புக்கு வந்த பாதிப் பெற்றோர் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான்.

கட்டைவிரல் நுனியில் நிற்கிற பாலேயும் இங்கே உண்டு, விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். துஷ்ணா டல்லாஸ் என்ற பார்சிப் பெண்மணி 1966இல் பம்பாயில் அதற்கென்று பள்ளி தொடங்கினார். பின்னால், மும்பையில் எளிய குடும்பங்களில் பிறந்த மனீஷ் சவுகான், அமிருத்தீன் ஷா என்ற இரண்டு பையன்கள் யெஹுதா மாவோர் என்ற ஆசிரியரிடம் படித்து வெளிநாடு வரை போனார்கள். ஒருவரின் தந்தை டாக்சி ஓட்டுநர், மற்றவரின் தந்தை வெல்டர். அமிருத்தீன் லண்டன் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்தார். அது தனிக் கதை, வேறொரு நாள் சொல்கிறேன்.

ஊர் ஜனங்களுக்கு என்ன செய்தது என்று கேட்டீர்கள். பஞ்ச நிதி திரட்டியது, சரித்திரம் சொல்லிக் கொடுத்தது என்று மகள் எழுதலாம், அது சரியான பதில்தான். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் தாராவியில் ஒரு பொங்கல் விழாவுக்குக் குழு நடனம் கேட்டார்கள். 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தச் சமயம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம். ஆனால் பக்கத்துச் சந்தில் இருந்து உத்தரப் பிரதேசப் பிள்ளைகள் மூன்று பேர், ஒரு மராத்திப் பெண், இரண்டு கன்னடப் பையன்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்து அப்படியே நின்றுவிட்டார்கள். பாட்டு தமிழில் வைத்தால் பாதிப் பேருக்குப் புரியாது. அப்போதுதான் அந்த நான்கு நண்பர்கள் கதை ஞாபகம் வந்தது. பாட்டே வேண்டாம், தவிலும் டோலக்கும் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

ஒரு பையன், பத்து வயது, ஒரு நிமிஷம் ஒரே இடத்தில் நிற்க மாட்டான். மற்ற பிள்ளைகளை இடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பான். அவன் அம்மாவே அவனை வேண்டாம் என்றார். நான் அவனுக்கு ஆமை வேஷம் கொடுத்தேன். முதுகில் மூங்கில் கூடை கவிழ்த்துக் கட்டியிருக்கும், வேகமாக ஓடினால் கூடை கழன்று விழும். மூன்று வாரத்தில் அந்தப் பிள்ளை நடக்கக் கற்றுக்கொண்டான். நான்கு பேரும் வேடனிடம் தப்பிக்கிற காட்சியில், மான் செத்தது போலப் படுத்திருக்கும், எலி வலையை அறுக்கும், ஆமை மெல்ல மெல்லத் தண்ணீருக்குப் போக வேண்டும். அவ்வளவு மெதுவாக அவன் போனதைப் பார்த்து, எதிரே நின்ற ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு "போடா, போடா" என்று தமிழிலும் "சல், சல்" என்று இந்தியிலும் கத்தியது.

வால் தைத்தது யார், முகமூடி ஒட்டியது யார் என்று கேட்டால் அது இன்னொரு கதை. தையல் மிஷின் வைத்திருந்த ஒரு இஸ்லாமியக் குடும்பம் மிச்சத் துணியெல்லாம் கொடுத்தது. தோல் வேலை செய்கிற ஒரு பெரியவர் காக்கைக்கு அலகு செய்து கொடுத்தார், அந்த அலகு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒத்திகை இடம்தான் பெரிய பாடு. ஒரு மண்டபத்துக்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு கடைசி வாரத்தில் கல்யாணம் வந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார். பிறகு ஒரு பள்ளியின் மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரே ஒரு குண்டு பல்ப் வெளிச்சத்தில் ஒத்திகை நடத்தினோம். இந்த ஊரில் இருபது பேர் கையை நீட்டி ஆட ஓர் இடம் கிடைப்பதும், அதை மாதக் கணக்கில் வைத்துக்கொள்வதும் எத்தனை கஷ்டம் என்று குழு நடத்திய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மகள் எழுதுவதற்கு ஒரு யோசனை. 'கல்பனா' படத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பித்து 2012இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். அதைப் பார்க்க முடிந்தால் பார்க்கச் சொல்லுங்கள். மனிதர்கள் எந்திரமாக மாறுகிற காட்சி ஒன்று அதில் வருகிறது, அந்தேரிக் குழுவின் நடனம் எந்தப் பள்ளியில் முளைத்தது என்று அவளுக்கே விளங்கும். அப்புறம் உங்கள் சொசைட்டியில் எழுபது வயதைத் தாண்டிய மாமிகள், தாத்தாக்கள் யாராவது இருந்தால், சின்ன வயதில் நாட்டிய நாடகத்தில் என்ன வேஷம் போட்டார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மாட்டுங்கா, சயான், செம்பூரில் வளர்ந்தவர்களில் ஒருவராவது மாய மானாகவோ வானரமாகவோ ஆடியிருப்பார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கம் அவளுக்குக் கிடைக்கும்.

கடைசிக் கேள்வி, சேர்க்கலாமா என்பது. தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எந்தக் குழுவானாலும் நிகழ்ச்சியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒத்திகையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தர மாட்டோம் என்றால் விட்டுவிடுங்கள். தந்தால் போய் ஓரமாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். முன்வரிசையில் ஆடுகிற பெண்ணைப் பார்க்க வேண்டாம். பின்வரிசையில் மரமாகவும் அலையாகவும் நிற்கிற பிள்ளைகளை ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, அவர்களின் கால் தப்பும்போதும் நிறுத்திச் சொல்லிக் கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அன்றைக்கே பணம் கட்டிவிட்டு வாருங்கள்.